முந்திக்கொண்டு வந்த பழைய எண்

கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கும் 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஏழெட்டு மாதங்களாகத் தன் நினைவு தன்னைக் கைவிடுகிறது என்கிறார் அவர். பில்லில் உள்ள எட்டு இலக்க எண்ணைப் படித்துவிட்டுக் கணினியில் ஏற்றத் திரும்பும் நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண் போய்விடுகிறது. ஒருமுறை பக்கத்து மேசையிலிருந்தவர், “அந்தப் பட்டியலை அனுப்பிவிட்டீர்களா?” என்று கேட்டிருக்கிறார். “அனுப்பிவிட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர், எந்தத் தயக்கமும் இல்லாமல் ஓர் எண்ணை ஏற்றிவிட்டார். கையிலிருந்த பில்லின் எண்ணை விட்டுவிட்டு, இரண்டு பில்லுக்கு முன்னால் ஏற்றிய எண்ணையே மறுபடி ஏற்றியிருக்கிறார். மாலையில் கணக்கு ஒத்துவராமல் தேடியபோதுதான் இது தெரிந்தது. கூட்டங்களில் மூன்று விஷயங்கள் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகிறார். இரண்டைச் சொல்லி முடித்ததும் மூன்றாவது காணாமல் போகிறது. தன் இருக்கைக்குத் திரும்பி மேசை மேலிருக்கும் கோப்பைப் பார்த்ததும் அது தானாக வந்து நிற்கிறது. வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று திகைத்து நிற்பது அன்றாடம் நடக்கிறது.

அவருடைய அம்மா மறதி நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டு, சென்ற ஆண்டு காலமானார். “அடுத்தது நான்தானா?” என்ற கேள்வி கடிதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. கைபேசியில் நினைவு விளையாட்டு ஒன்றை ஆடிப் பார்த்ததில் ஐந்து இலக்கத்துக்கு மேல் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ‘மனித மூளையில் ஏழு பெட்டிகள் உண்டு, எனக்கு ஐந்தாகக் குறைந்துவிட்டது’ என்று முடிவு கட்டி, அந்த விளையாட்டுக்கு மாதச் சந்தா கட்டுகிறார், நினைவு மாத்திரையும் வாங்குகிறார். அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்திருக்கிறது. அதை மறுத்துவிடலாமா, மேலதிகாரியிடம் தன் குறையைச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறார். இரவில் ஐந்து மணி நேரமே தூங்குவதையும், ஒவ்வாமைக்காக ஓராண்டாகத் தினமும் இரவில் ஒரு மாத்திரை போடுவதையும் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நோயில் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தவருக்கு, ஒவ்வொரு சிறு மறதியும் அந்த நோயின் காலடிச் சத்தமாகவே கேட்கும். அந்தப் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரடியாகப் பரிசோதிக்காமல் எனக்கோ உங்களுக்கோ முடிவு சொல்ல உரிமையும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் சான்றுகளை நீங்கள் படித்த விதம் வேறு, நான் படிக்கும் விதம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

எல்லாவற்றையும்விட என் கண்ணில் பட்டது அந்தத் தவறான எண்தான். ‘எண் போய்விட்டது’ என்று எழுதுகிறீர்கள். போயிருந்தால் உங்கள் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றிருக்கும். அது நிற்கவில்லை. உங்கள் கோப்பில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே ஐந்து இலக்கங்களில் தொடங்குகின்றன, கடைசி மூன்றுதான் மாறுகின்றன என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்திலிருந்து, சற்று முன் பயன்படுத்திய எண் ஒன்று பிழையில்லாமல் முழுதாக வந்திருக்கிறது. வைத்துக்கொள்ளும் திறன் போனவருக்கு இரண்டு பில் முந்தைய எண் எப்படி வரும்? உங்களுக்குத் தடுமாறுவது வைப்பதில் அல்ல, எடுப்பதில். இந்த இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு.

ஒரு வேலையைச் செய்து முடிக்கும்வரை தேவையானதை மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் ஏற்பாட்டை நாங்கள் செயல்நினைவு என்கிறோம். 1974-ஆம் ஆண்டில் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் இதை ஒரே கிடங்காகப் பார்க்காமல், ஒலியாகச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கும் பகுதி, காட்சியாக வைத்திருக்கும் பகுதி, இரண்டையும் மேய்க்கும் கவனம் என்று பிரித்துக் காட்டினார்கள். நீங்கள் எட்டு இலக்கத்தை உதட்டுக்குள் முணுமுணுத்தபடி திரும்புகிறீர்களே, அது முதல் பகுதியின் வேலை. “அனுப்பிவிட்டேன்” என்று வாயைத் திறந்த கணத்தில் அந்த முணுமுணுப்பு அறுந்தது. ஒரே வாயால் இரண்டு பேச்சு முடியாது. இளவயதுக்காரருக்கும் இதே கதிதான்.

ஏழு பெட்டிக் கணக்கு

ஏழு என்ற எண் 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையிலிருந்து ஊரெல்லாம் பரவியது. ஏழு, இரண்டு கூடக்குறைய, என்றுதான் அவர் சொன்னார். அந்த வரம்புக்குள் ஐந்தும் இருக்கிறது. அவர் எண்ணியது இலக்கங்களையும் அல்ல, பொருள்பட ஒன்றாகச் சேர்ந்த தொகுப்புகளை. பிறகு 2001-இல் நெல்சன் கோவன் பல ஆய்வுகளை அலசி, முணுமுணுப்பையும் தொகுப்பையும் தடுத்துவிட்டால் மிஞ்சுவது நான்கு அளவில்தான் என்று வாதிட்டார். ஆகவே வேலை முடிந்து களைத்த கண்ணோடு கைபேசியில் ஐந்து இலக்கம் சொன்னதை வைத்து உங்களுக்கு நீங்களே நோய் எழுதிக்கொள்ள வேண்டாம்.

பெட்டி எத்தனை என்பதைவிட, உள்ளே இருப்பதை மனம் எப்படி எட்டிப் பிடிக்கிறது என்பதே உங்கள் விஷயத்தில் முக்கியம். 1966-இல் சால் ஸ்டெர்ன்பெர்க் எளிமையான ஒரு சோதனை செய்தார். ஒன்று முதல் ஆறு வரை இலக்கங்களைக் காட்டுவது. பிறகு ஓர் இலக்கத்தைக் காட்டி ‘இது அதில் இருந்ததா?’ என்று கேட்பது. பட்டியலில் ஓர் இலக்கம் கூடினால் பதில் சொல்லும் நேரம் ஏறத்தாழ 38 மில்லிவினாடி கூடியது. மனம் பட்டியலை ஒன்றுவிடாமல் விரல்வைத்து ஓட்டிப் பார்க்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அழகான விளக்கம், நான் மாணவனாக இருந்தபோது என்னை மயக்கிய விளக்கமும் அதுதான். ஆனால் 1989-இல் பிரையன் மெக்கெல்ரீயும் பார்பரா டோஷரும் பதிலை வெவ்வேறு கணங்களில் இடைமறித்து அளந்து பார்த்தபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. கடைசியாக வந்த பொருள் மட்டும் தனி வேகத்தில் கிடைக்கிறது, அது இன்னும் கையிலேயே இருப்பதால். மற்றவை வரிசையில் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், நேரடியாகக் கிடைக்கின்றன. மனம் அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறது. பெயருக்கு உரியது எழுந்து வருகிறது.

உங்கள் மேசையில் நடந்ததை இதை வைத்துப் பாருங்கள். கையிலிருந்த ஒன்றைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரருக்குப் பதில் சொன்னீர்கள். திரும்பி வந்து ‘பில் எண்’ என்று உள்ளே அழைத்தீர்கள். அந்த அழைப்புக்கு உரிய எண்கள் அங்கே ஒன்றா இரண்டா? காலையிலிருந்து ஏற்றிய அத்தனையும் அதே பெயருக்குத் திரும்பிப் பார்க்கக்கூடியவை, அதே ஐந்து இலக்கத்தைச் சுமப்பவை. ஒரே பெயருள்ள நான்கு பேர் இருக்கும் அறையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் முதலில் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது. எழுந்தவர் தவறான ஆள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் தயக்கமே வரவில்லை.

தேய்ந்து போகிறது என்ற எண்ணம்

‘ஒவ்வொரு நொடியும் கரைகிறது, அதனால் அவசரப்படுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்துக்கும் பழைய ஆதாரம் உண்டு. 1959-இல் பீட்டர்சன் தம்பதியர், மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 18 வினாடி கழித்துக் கேட்டால் பத்தில் ஒன்றுதான் சரியாக வந்தது. காலம்தான் அழிக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துக் கெப்பலும் அண்டர்வுட்டும் அதே சோதனையில் முதல் சுற்றை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். முதல் சுற்றில் மறதி இல்லை என்றே சொல்லலாம்! இரண்டாவது, மூன்றாவது என்று ஒரே மாதிரியான எழுத்துகள் சேரச் சேரத்தான் சறுக்கல் தொடங்கியது. பின்னால் டெலோஸ் விக்கன்ஸ், சரக்கின் வகையை மாற்றினால், எழுத்துக்குப் பதில் எண் கொடுத்தால், நினைவு மறுபடி தலைதூக்குவதைக் காட்டினார்.

எனக்கு இது மிகவும் ஆறுதல் தரும் கண்டுபிடிப்பு. நொடிமுள்ளோடு நாம் போட்டி போட முடியாது. ஒரே மாதிரியானவற்றின் நெரிசலைக் குறைக்க முடியும். நாற்பது பில்லை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். பதினைந்துக்கு ஒருமுறை வேறு வகை வேலைக்கு, ஒரு கடிதத்துக்கோ தொலைபேசி அழைப்புக்கோ, மாறிவிட்டு வாருங்கள். எட்டு இலக்கத்தையும் சுமக்காதீர்கள். மாறாத முதல் ஐந்தை விட்டுவிட்டுக் கடைசி மூன்றை மட்டும் தொகை அல்லது நிறுவனத்தின் பெயரோடு கட்டிப் படியுங்கள். ‘471’ என்பதற்கு எந்த முகமும் இல்லை. ‘அச்சகத்துக்காரர் 471’ என்பதற்கு உண்டு. அந்த முகத்தைச் சொல்லி அழைத்தால் வேறு எண் எழுந்து வராது.

யாராவது கூப்பிட்டால் உடனே தலையைத் திருப்ப வேண்டாம். “ஒரு நொடி” என்று சொல்லி, எண்ணுக்கு நேராகப் பென்சிலை வைத்துவிட்டுத் திரும்புங்கள். இது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். குறுக்கீட்டுக்கு முன் சில வினாடி அவகாசம் கிடைத்தவர்கள் விட்ட வேலையைச் சீக்கிரம் தொடர்கிறார்கள் என்பதைக் கிரெகரி டிராஃப்டனும் எரிக் ஆல்ட்மனும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அந்த அவகாசத்தில் மனம் ‘எங்கே விட்டேன், அடுத்து என்ன’ என்று ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. திரும்பி வந்த பிறகு மனத்திலிருந்து ஏற்றவே ஏற்றாதீர்கள். பென்சில் காட்டும் எண்ணைப் பார்த்து மறுபடி படியுங்கள். குறுக்கீட்டுக்குப் பிறகு வரும் எண் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் அதை நம்ப வேண்டாம்.

கூட்டத்தில் தொலைந்த மூன்றாவது விஷயம்

‘மூன்றாவது என்ன, மூன்றாவது என்ன’ என்று உள்ளுக்குள் தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இருக்கிற வழிகளிலேயே மெதுவான வழி. மேலே சொன்ன மெக்கெல்ரீயும் டோஷரும் 1993-இல் இன்னொன்றையும் கண்டார்கள்: ஒரு பொருள் இருந்ததா என்று கேட்டால் நேரடியாக எட்டிப் பிடிக்கும் மனம், எது முன், எது பின் என்று வரிசை கேட்டால் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகிறது. எதிரில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தத் தேடலைச் செய்ய யாரால் முடியும்? ‘மூன்றாவது’ என்ற சொல்லில் அந்த விஷயத்தின் சாயல் எதுவும் இல்லை. மேசை மேலிருந்த கோப்பில் இருந்தது. அதனால்தான் அதைப் பார்த்ததும் வந்தது. கூட்டத்துக்குப் போகும்போது வரிசை எண்ணுக்குப் பதில் விஷயத்துக்கு ஒரு சொல் என மூன்று சொற்களைக் கைக்குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘தாமதம்’, ‘வரி’, ‘சாவி’. அந்தச் சொல்லைப் பார்த்தால் போதும், மீதி தானாக வரும்.

அறை மாறியதும் வந்த காரணம் மறப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கேப்ரியல் ராட்வான்ஸ்கியின் குழு கல்லூரி மாணவர்களை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறது. வாசலைக் கடப்பதை மனம் ஒரு காட்சி முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். விளைவு சிறியது, எல்லா ஆய்விலும் தென்படுவதும் இல்லை. கத்தரிக்கோலை எடுக்கப் போகிறீர்கள் என்றால், வெட்ட வேண்டிய துணியைக் கையில் பிடித்துக்கொண்டே போங்கள்.

விளையாட்டும் மாத்திரையும்

சந்தாவை நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து. அந்த விளையாட்டை ஆட ஆட, அந்த விளையாட்டில் நீங்கள் தேறுவீர்கள். பில் எண்ணுக்கு அது கைமாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இதற்கு மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. ஆண்டர்ஸ் எரிக்சனும் வில்லியம் சேஸும் 1980-இல் ஒரு மாணவரைப் பற்றி எழுதினார்கள். 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து, ஏழு இலக்கத்திலிருந்து 79 இலக்கம் வரை அவர் போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால், ஒரு மைலை 3 நிமிடம் 49.2 வினாடியில் ஓடிய நேரம் என்று கட்டிவைத்துக்கொள்வார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது? மறுபடி ஆறு! அவருடைய பெட்டி பெரிதாகவே இல்லை. எண்களை அழைக்கப் பெயர்கள்தான் கிடைத்திருந்தன. ‘அச்சகத்துக்காரர் 471’ அவரிடமிருந்து நான் உங்களுக்குக் கடன் வாங்கித் தந்ததுதான்.

நினைவு மாத்திரையும் அப்படியே. உடலில் ஒரு சத்துக் குறைவு இருந்தால் அதை ஈடுகட்டுவது பலன் தரும். குறைவு இல்லாதவருக்கு நினைவைக் கூட்டும் என்று நிரூபணமான மாத்திரை எதுவும் கடையில் இல்லை. குறைவு உண்டா என்று முதலில் பாருங்கள்.

அம்மாவின் நோயும் உங்கள் தடுமாற்றமும்

நீங்கள் மூன்று முறை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு எந்த வயதில், எந்த வகை மறதி நோய் என்று நீங்கள் எழுதவில்லை. முதுமையில் வந்த அல்சைமர் நோய் என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தது பிள்ளையின் அபாயத்தை ஓரளவு கூட்டுகிறது. வந்தே தீரும் என்று ஆக்குவதில்லை. குடும்பத்தில் பலருக்கு 65 வயதுக்கு முன்பே வந்திருந்தால் அது வேறு கதை. அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அந்த நோயின் தொடக்கத்தில் பொதுவாக நாங்கள் பார்ப்பது, சற்று முன் நடந்தது பதியாமலே போவது. நினைவூட்டினாலும் ‘அப்படியா, எப்போது?’ என்பார்கள். உங்கள் அம்மா அப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கோ கோப்பைக் கண்டதும் வந்துவிடுகிறது. தவறான எண்ணை நீங்களே தேடிப் பிடித்து, அது எந்தப் பில்லின் எண் என்றும் சொல்கிறீர்கள். இந்த வேறுபாடு எனக்கு நம்பிக்கை தருகிறது. இருந்தாலும் ஏழெட்டு மாத மாற்றத்தைக் கடிதத்தை வைத்து ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12, ரத்தச் சோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வயதின் ஹார்மோன் மாற்றங்களைப் பற்றியும் பேசுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டார் சொன்னாலோ, பழகிய வழியில் திசை தெரியாமல் நின்றாலோ, கை வந்த கணக்கு வேலையே புரியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ தள்ளிப் போடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது, ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதினீர்களே, அந்த இரண்டையும் முதல் வரியாகச் சொல்லுங்கள். ஒவ்வாமை மாத்திரைகளில் தூக்கம் வரவழைக்கும் பழைய வகைகள், கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. உங்களுடையது அந்த வகையா என்று அட்டையைக் காட்டிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று மருந்துகள் உண்டு. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் முதலில் அடிபடுவது கவனம்தான். கவனம் தளர்ந்தால் சரியானதை அழைக்கும் குரலும் தளர்கிறது. அம்மாவைக் கவனிக்க இரவில் விழித்த பழக்கம் அவர் போன பிறகும் உங்களை எழுப்புகிறதா? அப்படியானால் அந்தத் துயரத்துக்கும் உதவி கேளுங்கள். மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும், அதைக் குணப்படுத்த முடியும்.

அலுவலகத்தில் என்ன சொல்வது

பொறுப்பை இப்போது மறுக்க வேண்டாம். பரிசோதனை முடிவு வரும்வரை யோசிக்க நேரம் கேளுங்கள். அது எல்லோரும் கேட்பதுதான். ‘எனக்கு நினைவுக் குறைபாடு’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டவே வேண்டாம். யாரும் கண்டறியாத ஒரு நோயை நீங்களே கோப்பில் ஏற்றுவதாகிவிடும், பிறகு அதை எடுப்பது கடினம். உங்கள் மருத்துவ விவரம் உங்களுடையது. எதைச் சொல்லக் கடமை உண்டு, எதற்குச் சலுகை கேட்கலாம் என்பது இடத்துக்கு இடம், வேலைக்கு வேலை மாறும். நோய் என்று உறுதியானால் மட்டும் தொழிலாளர் சட்டம் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மேலதிகாரியிடம் இன்று சொல்லக்கூடியது வேலையைப் பற்றியது: “எண்கள் ஏற்றும்போது குறுக்கீடு வந்தால் பிழை வருகிறது. காலையில் ஒரு மணி நேரம் இடையூறு இல்லாமல் வேண்டும்.” கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பானவர் எவரும் கேட்க விரும்பும் வாக்கியம் இது. நீங்கள் மேற்பார்வையாளரானால் உங்கள் கீழ் இருப்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் மூன்று குறிப்புப் போதும்: அப்போது யார் அல்லது எது குறுக்கே வந்தது, சரியானதற்குப் பதில் எது வந்தது, சரியானது பிறகு எதைப் பார்த்து அல்லது கேட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வரவே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் மேலே போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டைக் கையில் கொண்டுபோங்கள். எனக்கும் அதன் நகலை அனுப்புங்கள், காத்திருப்பேன்.